குறைந்த ஓம் காயில் கட்டுவோருக்கான பேட்டரிப் பாதுகாப்பு: முழுமையான வழிகாட்டி

வேப் என்னும் மின் சிகரெட் கருவிக்கு, திரவத்தைச் சூடேற்றி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயிலைத் தாமே கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கம்பியிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தத் தடிமன், எத்தனை சுற்று, உள்விட்டம் எவ்வளவு என்பதையெல்லாம் முடிவு செய்து, காயிலைப் பொருத்திப் பஞ்சு வைத்து, கடைசியில் மேசையில் கிடக்கும் ஏதோ ஒரு பேட்டரியை எடுத்துப் போடுகிறார்கள். ஆபத்து பிறப்பது இந்த வரிசையில்தான். இந்த வழிகாட்டி அதைத் தலைகீழாக்குகிறது: முதலில் பேட்டரி, பிறகு அந்தப் பேட்டரி தாங்கும் மின்னோட்டம், அதிலிருந்து இறங்கக்கூடிய மிகக் குறைந்த ஓம், அதற்குப் பிறகே கம்பி.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 முடிய அந்நாட்டில் மின் சிகரெட் கருவிகள் தீப்பற்றியதாகவோ வெடித்ததாகவோ செய்திகளில் பதிவான 195 நிகழ்வுகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் 133 பேர் காயமடைந்தார்கள். 2018 மே மாதத்தில் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும், 2019 ஜனவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்திலும், கருவி வெடித்ததால் ஒவ்வொருவர் உயிரிழந்தனர். இப்படிப்பட்ட பல விபத்துகளைக் கட்டுவதற்கு முன் போடும் ஒரு நிமிடக் கணக்கும், கட்டிய பின் செய்யும் ஓர் அளவீடும் தடுத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொடங்கும் முன் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்திருக்கிறது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும்கூடக் குற்றம். எனவே இது அனுமதியுள்ள நாடுகளில் ஏற்கெனவே இந்தக் கருவிகளைப் பயன்படுத்தும் வயதுவந்தவர்களுக்கானது. புகைப்பழக்கமே இல்லாதவர் இதைத் தொடங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

முதல் படி: கையில் இருப்பது எந்த வகைக் கருவி?

கருவிகள் இரண்டு வகை. ஒன்று, உள்ளே மின்னணுப் பலகை உள்ள ரெகுலேட்டட் மாட். மற்றொன்று, வெறும் உலோகக் குழாயும் ஒரு பொத்தானும் மட்டுமே உள்ள மெக்கானிக்கல் மாட். இரண்டாவது வகையில் பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே காவலாள் கிடையாது. பொத்தானை அழுத்தியதும் காயிலின் மின்தடை எவ்வளவு மின்னோட்டத்தை அனுமதிக்கிறதோ அவ்வளவும் பாயும். ஷார்ட் ஏற்பட்டு, அதாவது மின்சாரம் காயில் வழியே போகாமல் குறுக்குவழியில் ஓடினாலும் பாயும், பேட்டரி சூடேறினாலும் பாயும். ரெகுலேட்டட் மாட் காயிலை முதலில் அளந்து பார்க்கும், வரம்புக்குக் கீழே இருந்தால் இயங்க மறுக்கும், பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் தானே நின்றுவிடும்.

இவ்விரண்டிலும் பேட்டரிக் கணக்கு முற்றிலும் வேறானது என்பதைப் பல ஆண்டுகளாகக் காயில் கட்டுகிறவர்களே சரியாகப் புரிந்துகொள்வதில்லை. மெக்கானிக்கல் மாடில் பேட்டரியின் சுமையைத் தீர்மானிப்பது காயிலின் ஓம். ரெகுலேட்டட் மாடில் தீர்மானிப்பது நீங்கள் வைத்த வாட். மெக்கானிக்கலில் பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது சுமை உச்சம். ரெகுலேட்டடில், அதற்கு நேர்மாறாக, பேட்டரி தீரும் தறுவாயில்தான் உச்சம். ஏனென்றால் குறைந்துவிட்ட மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டு அதே வாட்டைக் கொடுக்க, பலகை அதிக ஆம்பியரை இழுக்க வேண்டியிருக்கிறது.

முதன்முதலாகக் கட்டிப் பழகுகிறவர் ரெகுலேட்டட் மாடிலேயே பழக வேண்டும் என்பது என் திட்டமான கருத்து. மெக்கானிக்கல் மாட், ஓம் விதியைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவருக்கு மட்டுமே.

இரண்டாம் படி: பேட்டரியின் உண்மையான வரம்பை அறிதல்

இந்தக் கருவிகளில் பெரிதும் பயன்படுவது 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் அயனி செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். 21 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் கொண்ட 21700 செல் இன்று அதற்கு இணையாகப் பரவியிருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஆன நிலையில் இரண்டுமே 4.2 வோல்ட் காட்டும்.

செல்லைப் பொறுத்தவரை இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று கொள்ளளவு, மில்லியாம்பியர்-மணியில். இன்னொன்று தொடர் மின்னோட்ட வரம்பு, அதாவது இடைவிடாமல் இழுத்தாலும் செல் கெடாமல் தரக்கூடிய ஆம்பியர். காயில் கட்டுகிறவருக்கு இரண்டாவது எண்தான் உயிர்நாடி. ஒரே அளவுள்ள செல்களில் கொள்ளளவு கூடினால் இந்த வரம்பு பொதுவாகக் குறையும். சாம்சங் 25ஆர் செல் 2500 மில்லியாம்பியர்-மணிக்கு 20 ஆம்பியர் தருகிறது. அதே நிறுவனத்தின் 30கியூ, 3000 மில்லியாம்பியர்-மணிக்கு 15 ஆம்பியர்தான். சோனியின் விடிசி5ஏ 2600 மில்லியாம்பியர்-மணிக்கு 25 ஆம்பியர். அதிக நேரம் நிற்கும் என்று கொள்ளளவை மட்டும் பார்த்து வாங்குகிறவர், தம் காயிலுக்குத் தேவையான வரம்பைத் தெரியாமலே விட்டுக்கொடுக்கிறார்.

உறையில் அச்சடித்த எண்ணை நம்பி ஏமாறுவதும் உண்டு. செல் தயாரிக்காத பல நிறுவனங்கள் வேறொருவர் தயாரித்த செல்லை வாங்கி, புது உறை போட்டு, 40 ஆம்பியர் என்று அச்சடித்து விற்கின்றன. 18650 அளவில் 5000 அல்லது 9900 மில்லியாம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அது பொய்யென்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாம். சில செல்களில் ‘துடிப்பு’ வரம்பு என்று ஒரு பெரிய எண் இருக்கும். எத்தனை விநாடித் துடிப்பு, இடையில் எத்தனை விநாடி ஓய்வு என்பதற்குப் பொது அளவுகோல் இல்லாததால் அதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. தயாரிப்பாளரின் தரவுத்தாளிலும் நிபந்தனைகளைக் கவனித்துப் படிக்க வேண்டும். விடிசி6 செல்லுக்கு 30 ஆம்பியர் என்று ஓர் எண் உண்டு, ஆனால் அது செல்லின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. உங்கள் குழாயில் அந்த வெப்பத்தைப் பார்த்து நிறுத்த எதுவும் இல்லை. அந்தச் செல்லை 15 ஆம்பியர் செல்லாகவே கொள்ள வேண்டும்.

இந்த உருளைச் செல்களைத் தயாரிப்பவர்கள் தனிச்செல்லாகக் கையில் வைத்துப் பயன்படுத்துவதற்கென்று அவற்றைத் தயாரிக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பாதுகாப்புச் சுற்றோடு கூடிய பேட்டரித் தொகுப்புகளின் உள்ளே வைக்கப்படுவதற்காகவே அவை உருவாகின்றன. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021இல் உதிரி 18650 செல்களைப் பற்றி வெளியிட்ட எச்சரிக்கையும் இதைத்தான் சொன்னது. தொகுப்பில் அந்தச் சுற்று செய்யும் வேலையை இங்கே நீங்கள்தான் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: கணக்கு

மெக்கானிக்கல் மாடுக்குச் சூத்திரம் ஒன்றே: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். மின்னழுத்தம் எப்போதும் 4.2 என்றே வைக்க வேண்டும். சுமை ஏறியதும் மின்னழுத்தம் சற்று இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த இறக்கத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு கூடுதலாக ஓமைக் குறைப்பது, கையிருப்பை முன்கூட்டியே செலவழிப்பதற்குச் சமம்.

0.5 ஓம் காயில் 8.4 ஆம்பியர் இழுக்கும். 0.3 ஓம் 14 ஆம்பியர். 0.2 ஓம் 21 ஆம்பியர். 0.15 ஓம் 28 ஆம்பியர். 0.1 ஓம் 42 ஆம்பியர். 0.5இலிருந்து 0.4க்கு இறங்கும்போது கூடுவது 2.1 ஆம்பியர். 0.2இலிருந்து 0.1க்கு இறங்கும்போது, அதே 0.1 ஓம் வித்தியாசத்துக்கு, கூடுவது 21 ஆம்பியர். கீழே போகப் போகத் தரை செங்குத்தாகச் சரிகிறது.

நான் பின்பற்றும் வரம்பு, செல்லின் தொடர் மின்னோட்டத்தில் முக்கால் பங்கு. 20 ஆம்பியர் செல்லுக்கு 15 ஆம்பியர். 4.2ஐ 15ஆல் வகுத்தால் 0.28 ஓம். அதற்குக் கீழே அந்தச் செல்லில் கட்டுவதில்லை. 25 ஆம்பியர் செல்லுக்கு இது ஏறத்தாழ 0.23 ஓம், 15 ஆம்பியர் செல்லுக்கு 0.38 ஓம். ஒதுக்கிய கால் பங்கு வீண் போவதில்லை. செல் பழசாகும்போது அதன் உள்மின்தடை கூடி, அதே மின்னோட்டத்துக்கு அதிகமாகச் சூடேறும். கருவியின் அளவீட்டுப் பிழையும் இருக்கும். அவற்றுக்கான இடம் அது.

அளவீட்டுப் பிழையை எளிதாக எண்ண வேண்டாம். ஓம் மீட்டர் 0.02 ஓம் அதிகமாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5 என்று காட்டும் காயில் உண்மையில் 0.48. மின்னோட்டம் 8.4க்குப் பதில் 8.75, பெரிய மாற்றமில்லை. அதே மீட்டர் 0.1 என்று காட்டினால் உண்மை 0.08, மின்னோட்டம் 42க்குப் பதில் 52.5 ஆம்பியர்.

ரெகுலேட்டட் மாடுக்கு வேறு கணக்கு. வாட்டைப் பலகையின் செயல்திறனால் வகுத்து, பிறகு செல்லின் மிகக் குறைந்த மின்னழுத்தத்தால் வகுக்க வேண்டும். செயல்திறனை 90 சதவீதம் என்றும், கருவி நின்றுவிடும் மின்னழுத்தத்தை 3.2 வோல்ட் என்றும் கொள்ளலாம். ஒரே செல் உள்ள மாடில் 80 வாட் வைத்தால் செல் தீரும் தறுவாயில் இழுக்கப்படுவது 27.8 ஆம்பியர். இரண்டு செல் உள்ள மாடில், அவை தொடராக இணைக்கப்பட்டிருந்தாலும் பக்க இணைப்பாக இருந்தாலும், ஒவ்வொன்றின் மீதும் விழுவது சுமார் 14 ஆம்பியர். ஆகவே 80 வாட் அளவுக்கு விரும்புகிறவருக்கு இரண்டு செல் மாடே பொருத்தம்.

இரண்டு செல்களைத் தொடராக அடுக்கும் மெக்கானிக்கல் மாடில் மின்னழுத்தம் 8.4 வோல்ட். ஒற்றைச் செல் குழாயில் 14 ஆம்பியர் இழுத்த அதே 0.3 ஓம் காயில் இங்கே 28 ஆம்பியரை இரண்டு செல்களிலிருந்தும் இழுக்கும், 235 வாட் வெப்பம் வரும். ஒரு குழாயில் ஓடிய அட்டமைசரை, அதாவது காயிலும் பஞ்சும் அமர்ந்திருக்கும் மேற்பகுதியை, யோசிக்காமல் இன்னொன்றில் திருகுவது இதனால்தான் கூடாது. இந்த வகை மாடை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

நான்காம் படி: கம்பியைத் தேர்ந்து காயில் கட்டுதல்

இப்போது இலக்கு ஓம் கையில் இருக்கிறது. கம்பியின் மின்தடை அதன் உலோகத்தையும் தடிமனையும் பொறுத்தது. தடிமனைக் கேஜ் எண்ணால் குறிப்பார்கள், எண் கூடக் கூடக் கம்பி மெலியும். கேந்தல் ஏ1 கம்பி 24 கேஜில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 7 ஓம், 26 கேஜில் சுமார் 11.3 ஓம். 3 மி.மீ. உள்விட்டத்தில் 24 கேஜ் கேந்தலை 7 சுற்று சுற்றினால், கால்களுக்கான 10 மி.மீ.யையும் சேர்த்து, ஏறக்குறைய 87 மி.மீ. கம்பி செல்லும். ஒற்றைக் காயில் 0.6 ஓமுக்குச் சற்று மேல். அதே போன்ற இரண்டைப் பக்க இணைப்பாகப் பொருத்தினால் பாதியாகி 0.31 ஓம், மின்னோட்டம் சுமார் 13.5 ஆம்பியர். 20 ஆம்பியர் செல்லுக்கு இது வரம்புக்குள் அடங்கும்.

அதே சுற்று, அதே கேஜ், ஆனால் நிக்ரோம் 80 கம்பி என்றால்? இரட்டைக் காயில் 0.23 ஓமுக்கு இறங்கி மின்னோட்டம் 18 ஆம்பியரைத் தாண்டும். கண்ணால் பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெயர்ச்சீட்டு இல்லாத கம்பிச் சுருளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தூய நிக்கல், டைட்டேனியம் கம்பிகள் வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள மாடுகளுக்கு மட்டுமே உரியவை.

இரட்டைக் காயில் கட்டும்போது இரண்டின் சுற்று எண்ணிக்கையும் கால் நீளமும் ஒத்திருக்க வேண்டும். கால்களை அட்டமைசர் தளத்திலுள்ள தூணின் துளையில் செருகித் திருகை இறுக்கிய பின், நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைத் தூணோடு ஒட்ட வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்ட அரை மில்லிமீட்டர் நுனி மூடியின் உட்சுவரைத் தொட்டால் அதுவே ஷார்ட். காயிலின் அடிப்பகுதிக்கும் தளத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிய வேண்டும். திருகு தளர்ந்தால் மின்தடை ஆடும், அளவிடும்போது ஒரு எண்ணும் அழுத்தும்போது வேறொரு எண்ணுமாக இருக்கும்.

ஐந்தாம் படி: அளத்தல், முதல் சூடேற்றல்

அட்டமைசரை மாடில் திருகுவதற்கு முன் தனி ஓம் மீட்டரில் வைத்து அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.1 முதல் 0.3 ஓம் வரை மின்தடை இருக்கலாம் என்பதால், குறைந்த ஓம் காயிலுக்கு அது உதவாது. காயில் கட்டுவோருக்கென்றே விற்கும் சிறு மீட்டர் தேவை. முதலில் மூடியில்லாமலும், பிறகு மூடியைப் போட்டும் அளக்க வேண்டும். மூடி போட்டதும் எண் மாறினால் ஏதோ தொடுகிறது. எண் நிலையாக நிற்காமல் துள்ளினாலும், கணக்கிட்டதைவிட வெகுவாகக் குறைவாக இருந்தாலும், பிரித்துவிட்டு மீண்டும் கட்டுவதே வழி.

முதல் சூடேற்றலை எப்போதும் ரெகுலேட்டட் மாடில், குறைந்த வாட்டில், பஞ்சு வைக்காமல் செய்ய வேண்டும். காயில் நடுவிலிருந்து இரு பக்கமும் சீராகச் சிவக்க வேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால் பொத்தானை விட்டுவிட்டு, பீங்கான் முனை இடுக்கியால் சுற்றுகளை மெல்ல நெருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியபடியே உலோக இடுக்கியால் காயிலைத் தொடுவது நேரடி ஷார்ட். சூடேற்றி ஆறிய பின் இன்னொரு முறை அளந்து, திருகுகளை மறுபடி இறுக்கிய பிறகே பஞ்சு.

ஆறாம் படி: குழாயைச் சோதித்தல்

மெக்கானிக்கல் மாட் வைத்திருப்பவர் இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. பல குழாய்களில் அட்டமைசரின் அடி முள் பேட்டரியின் நேர்முனையை நேரடியாகத் தொடும், இதை ஹைப்ரிட் இணைப்பு என்பார்கள். அந்த நடு முள் சுற்றியுள்ள திருகு மரையைவிடத் தெளிவாக வெளியே நீண்டிருக்க வேண்டும். முள் உள்வாங்கியிருந்தால் மரையே பேட்டரியின் நேர்முனையில் உட்காரும். மரை குழாயோடு சேர்ந்தது, குழாய் எதிர்முனையோடு சேர்ந்தது. பொத்தானை அழுத்தியதும் காயிலே இல்லாத ஒரு சுற்று முழுமையாகி, செல் தன்னால் முடிந்த அத்தனை மின்னோட்டத்தையும் ஒரே மூச்சில் கொட்டும். தொட்டிபோன்ற மூடிய அட்டமைசர்கள் பலவற்றில் இந்த முள் நீண்டிருக்காது, அல்லது சுருள்வில்லால் உள்ளே போகும். அவற்றை ஹைப்ரிட் குழாயில் பொருத்தவே கூடாது.

குழாயில் வாயு வெளியேறும் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். செல்லுக்குள் வெப்பம் எல்லை மீறினால் நேர்முனை, எதிர்முனைத் தகடுகளைப் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் சுமார் 130 டிகிரியில் உருகத் தொடங்கும். பிறகு வெப்பம் வெப்பத்தைப் பெருக்கும். எரியக்கூடிய திரவம் ஆவியாகி, நேர்முனையிலுள்ள வால்வு வழியே பீறிடும். துளையுள்ள குழாயில் அது சீறி வெளியேறும். துளையில்லாத குழாயில் அழுத்தம் ஏறி, குழாயே சிதறும். துளைகளில் அழுக்கு அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும். பொத்தான் பூட்டு சரியாக வேலை செய்யாத மாடைப் பையில் வைக்க வேண்டாம்.

ஏழாம் படி: செல்லைப் பேணுதல்

செல்லின் மேலே ஒரு சிறு வட்டம் மட்டுமே நேர்முனை. மீதி உடல் முழுவதும், பக்கச்சுவரும் தோள்பட்டையும் உட்பட, எதிர்முனை. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும், மேலே உள்ள ஒரு வளையமும்தான். மேல்விளிம்பில் உறை கிழிந்திருந்தால் அந்தச் செல்லை உலோகக் குழாயில் போடுவது தீக்குச்சி உரசுவதற்கு ஒப்பாகும். புது உறை மலிவாகக் கிடைக்கிறது, வெப்பக்காற்றில் சுருங்கிக் கச்சிதமாகப் பொருந்தும். செல் நசுங்கியிருந்தாலோ, பள்ளம் விழுந்திருந்தாலோ, உறை மாற்றுவதால் பயனில்லை. அது முடிந்த செல்.

உதிரிச் செல்லைச் சட்டைப்பையில் போடாதீர்கள். முன்சொன்ன அமெரிக்க அறிக்கையின் 195 நிகழ்வுகளில் 61, கருவியோ உதிரிச் செல்லோ பையில் இருந்தபோது நடந்தவை. ஒரு சாவியோ நாணயமோ போதும். பிளாஸ்டிக் பெட்டியில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். விமானத்தில் கருவியும் செல்லும் கைப்பையில்தான் செல்லலாம், சரக்கில் ஏற்றும் பெட்டியில் வைக்கக் கூடாது.

சார்ஜ் ஏற்றத் தனிச் சார்ஜரைப் பயன்படுத்துங்கள், 18650 செல்லுக்கு 1 ஆம்பியர் போதும். 4.2 வோல்ட்டில் தானே நிற்கிறதா என்று எப்போதாவது மல்டிமீட்டரில் சரிபாருங்கள். மெத்தை மீதோ, தூங்கும்போதோ வேண்டாம். மெக்கானிக்கல் மாடில் செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் மாற்றிவிட வேண்டும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்ட செல்லைச் சார்ஜ் ஏற்றி மீட்க முயலக் கூடாது. இரண்டு செல் மாடுக்கு ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிச் செல்களை ஜோடியாகக் குறித்து வைத்து, சேர்ந்தே சார்ஜ் ஏற்றி, ஆயுள் முடிந்ததும் சேர்ந்தே ஒதுக்கிவிடுங்கள்.

சூடேறிவிட்டால்

பயன்படுத்தும்போது குழாய் கை பொறுக்காத அளவு சூடானால், பொத்தான் ஒட்டிக்கொண்டால், சீறும் ஒலியோ இனிப்பான கரைப்பான் வாடையோ வந்தால், கருவியைத் திறந்து பார்க்க முனையாதீர்கள். செல்லைக் காப்பாற்றும் எண்ணமும் வேண்டாம். எரியும் பொருள் எதுவுமில்லாத தரையில், முடிந்தால் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு விலகுங்கள். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும், அதைச் சுவாசிக்கக் கூடாது. தீப்பற்றினால் எட்ட நின்று நிறைய தண்ணீர் ஊற்றலாம். இந்தச் செல்களை அணைப்பதில் முக்கியமானது குளிர்வித்தல்தான். தீ கைமீறினால் தீயணைப்புத் துறையை அழைத்துவிட்டு வெளியேறுங்கள். அணைந்த செல் மறுபடி பற்றக்கூடும் என்பதால் பல மணி நேரம் வெளியிலேயே கிடக்கட்டும். தீக்காயத்தை 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டி, மருத்துவமனைக்குச் சென்றதும் லித்தியம் பேட்டரியால் ஏற்பட்டது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். சிகிச்சை அளிப்பவர் இரசாயனப் புண்ணையும் சேர்த்துக் கவனிக்க அது உதவும்.

ஆயுள் முடிந்த செல்லின் இரு முனைகளிலும் மின்காப்பு நாடா ஒட்டி, பேட்டரி மறுசுழற்சிக்கு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் அது குப்பை வண்டியில் நசுங்கும், அங்கே தீயில் சிக்கப்போவது அந்த வண்டியில் வேலை செய்கிறவர்.